கில்பர்ட் வைத்த பொட்டு

காபியில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதற்கு நன்றி, சார். காக்ஸ் டவுனிலிருந்து மல்லேஸ்வரம் வர ஞாயிற்றுக்கிழமை காலையில்கூட இவ்வளவு நேரமாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மெட்ரோவில் போங்கள் என்று என் மனைவி கேரல் சொன்னாள். எனக்கு என் ஸ்கூட்டர்தான் சரி. நானே பிரித்து நானே பூட்டிய வண்டி என்றால்தான் நம்பி உட்காருவேன். இந்த வயதில் அந்தப் புத்தியை மாற்ற முடியாது.

நாளைக்கு நீங்கள் விசாரணை அறிக்கையைக் கொடுக்கப் போவதாக எங்கள் சங்கத்துச் செக்ரட்டரி சீனிவாசராகவன் சொன்னார். டீனா பந்தயத்தில் செத்துப்போனதற்கு அவள் அப்பா நோயலின் டீம்தான் பொறுப்பு, தேய்ந்த போல்ட்டைப் போட்டு பைக்கை ஓடவிட்டார்கள், மோட்டார் பந்தயச் சங்கத்தின் மேல் தப்பில்லை என்று வரப்போகிறதாம். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நஷ்டஈடு கொடுக்க வேண்டாம் அல்லவா. அந்த அறிக்கை தப்பு, சார். அதைச் சொல்லத்தான் சர்ச்சில் ஞாயிறு பூசையைக்கூட விட்டுவிட்டு வந்தேன். போனில் பதிவுசெய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன முறை உங்கள் முன்னால் நின்றபோது நான் பொய் சொல்லவில்லை. சங்கத்தின் தலைமைப் பரிசோதகர் என்ற முறையில் பைக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். பார்த்தேன் என்றேன். தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். பிரித்ததை ஒழுங்காகத் திரும்பப் பூட்டினீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஜட்ஜாக இருந்து ரிட்டயர் ஆனவர், கேட்பீர்கள் என்றுதான் நினைத்தேன்.

நோயலைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவனும் நானும் ஒரே தெரு, ஒரே பங்குக் கோவில். பள்ளிக்கூடத்தை விட்டதும் இரண்டு பேரும் ஒரே காரேஜில் சேர்ந்தோம். அப்புறம் பைக் பந்தயப் பைத்தியம் பிடித்தது. வண்டியைத் தயார் செய்வது நான், ஓட்டுவது அவன். ஜெயித்துக் கோப்பையை வாங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து மேடைக்கு இழுப்பான். "இன்ஜின் நம்ம கில்பர்ட் ட்யூன் பண்ணது. நான் சும்மா மேல ஏறி உக்காந்தேன், அவ்ளோதான்" என்பான். ஜனம் கைதட்டும். யாருக்கு? அவனுக்குத்தான். என்ன பெரிய மனசு பாரு என்று பேசிக்கொள்வார்கள். என் வேலைக்கு விழுந்த கைதட்டலையும் அவனே வாங்கிக்கொண்டு இறங்குவான். அது ஒரு திறமை. நானும் அதைக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன், எனக்கு வரவில்லை.

அவன் டோரீனைக் கட்டினான், நான் கேரலைக் கட்டினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களுக்கு டீனா பிறந்ததும் ஞானத்தகப்பனாக நிற்க என்னைத்தான் கூப்பிட்டான். ஞானஸ்நானம் முடிந்து குழந்தையை என் கையில் கொடுத்து, கோவிலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இனிமே இவ உன் பொண்ணும்தான் மேன்" என்றான். கேரல் தேம்பித் தேம்பி அழுதாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். வாசலில் வந்து நிற்பவனுக்கு மிச்சச் சோறு போடுவதுபோலத்தான் அவன் கொடுத்தான். அது அங்கே என் ஒருவனுக்குத்தான் தெரிந்தது.

பிற்பாடு சொந்தமாக டீம் தொடங்கினான். என்னையும் கூப்பிட்டான், பார்ட்னராக. நான் போகவில்லை, சங்கத்தில் பரிசோதகராகச் சேர்ந்தேன். டீம்காரர்களிடம் பணம் இருக்கும், பெயர் இருக்கும். ஆனால் விதி சங்கத்தின் கையில். பரிசோதகர் தலையை ஆட்டினால்தான் வண்டி டிராக்கில் இறங்கும். நோயலும் மற்றவர்களைப்போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பான். அது எனக்குப் பிடித்திருந்தது, சார். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

போன வருஷம் வந்த தகராறு உங்களுக்குத் தெரிந்ததுதான். எல்லா டீமும் இனிமேல் சங்கம் சொல்லும் பிரேக் பேடைத்தான் போட வேண்டும், சங்கத்திடம்தான் வாங்க வேண்டும் என்று புது விதி வந்தது. வெளியே விற்பதைப்போல இரண்டு மடங்கு விலை. தயாரிப்பது பொம்மனஹள்ளியில் இருக்கும் ஒரு கம்பெனி, முதலாளி செக்ரட்டரியின் மச்சினர். பேடில் குறையில்லை, விலைதான் அநியாயம். நோயல் சும்மா இருப்பானா. டீம்களையெல்லாம் கூட்டினான். ஸ்பான்சர் பணத்தில் பாதியைச் சங்கம் எடுத்துக்கொள்கிறது, இப்போது பிரேக்கிலும் கை வைக்கிறது என்று பேப்பர்காரர்களிடம் சொன்னான். டீனாவின் பைக்கில் வேறு பேடைப் போட்டு வேண்டுமென்றே கொண்டுவந்தான். விதிப்படி அவளைப் பந்தயத்திலிருந்து நீக்கினேன். எனக்கு அந்த விதி சரியா தப்பா என்பது கவலையில்லை. கையெழுத்துப் போட்டு, தாளை நானே நோயலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த ரவுண்டுக்கு ஒரு டீமும் வரவில்லை. டிராக் காலி, டிக்கெட் வாங்கியவர்கள் சத்தம் போட்டார்கள், டிவிக்காரர்கள் போய்விட்டார்கள். சங்கம் சமாதானத்துக்கு இறங்கி வந்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சீனிவாசராகவன் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் என்னைக் கை காட்டினார். "இவ்வளவு பிரச்சினைக்கும் கில்பர்ட்டோட பிடிவாதம்தான் காரணம். அவரை ரிலீவ் பண்ணிட்டு புனேலேர்ந்து வேற ஆளை வரவழைக்கிறோம்" என்றார். அவர் சொன்னதைத்தான் நான் செய்தேன். என்றாலும் எனக்குக் கோபம் வரவில்லை. முதலாளிகள் அப்படித்தான்.

எழுந்து நின்றது நோயல். "அதெல்லாம் ஆகற வேல இல்ல சார். ரூல் தப்பு, ஆளு தப்பில்ல. என் பொண்ணையே வெளிய அனுப்புனான் பாருங்க, அவன மாதிரி நேர்மையான ஆளு இந்தியாவுலயே கெடையாது. கில்பர்ட் இல்லேன்னா எங்க டீம் ஒண்ணும் வராது" என்றான். எல்லா டீம்காரர்களும் மேஜையைத் தட்டினார்கள். அதோடு விட்டானா. ஒரு வழியும் அவனே சொன்னான். "பேடு செக் பண்ணணுமா, பண்ணுங்க. வண்டிய ஷெட்ல விட்டுட்டு எங்க ஆளுங்க வெளிய வந்துருவாங்க. கில்பர்ட் ஒருத்தனே பிரிக்கட்டும், அவனே பூட்டட்டும், அவனே பொட்டு வெக்கட்டும். அதுக்கு மேல யாராச்சும் ஸ்பேனர் வெச்சா டிஸ்குவாலிஃபை. அவன் பொட்டு வெச்சிருந்தா போதும், என் பொண்ண நான் கண்ண மூடிட்டு ஏத்துவேன்."

பொட்டு என்பது ஒன்றுமில்லை. பரிசோதித்த போல்ட்டின் தலையும் அது உட்கார்ந்திருக்கும் இடமும் சேரும்படி ஒரு துளி மஞ்சள் பெயின்ட் வைப்போம். யாராவது திருகினால் பெயின்ட் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பேடின் விலையைச் சங்கம் குறைத்தது, நோயல் சொன்ன சோதனை முறை விதியாயிற்று. என் வேலை பிழைத்தது.

வீட்டுக்குப் போனதும் கேரல், "நோயல் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நீங்க வீட்லதான் உக்காந்திருக்கணும். ஒரு போன் போட்டு தேங்க்ஸ் சொல்லுங்க" என்றாள். போட்டேன். "போடா லூசு, நமக்குள்ள என்னடா தேங்க்ஸ்" என்று சிரித்தான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கப்புறமும் பல நாள் இறங்கவில்லை. கேரல் இது வயித்தெரிச்சல் என்றாள். நான் டாக்டரிடம் போனேன், மாத்திரை கொடுத்தார்.

என்னை ஒருவன் அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். திட்டியிருந்தால் திட்டியிருப்பேன். காலமெல்லாம் கொடுத்துக்கொண்டே இருப்பவனை என்ன செய்வது? நீங்கள் நிறையப் பேரைப் பார்த்திருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

கடைசி ரவுண்டு ஓசூரைத் தாண்டி இருக்கும் டிராக்கில் நடந்தது. டீனா ஜெயித்தால் சாம்பியன். ஸ்பெயினில் ஒரு டீம் அவளை எடுத்துக்கொள்வதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பைக்கை ஷெட்டில் விட வந்தபோது நோயல் என் தோளில் கை போட்டான். "டேய் கில்லி, ஸ்பெயினுக்கு நீயும் கேரலும் வர்றீங்க. டிக்கெட் நான் போட்டாச்சு. நீ அவ காட்ஃபாதர் மேன், நீ இல்லாம எப்படி" என்றான். பக்கத்தில் இருந்த டீம்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "லக்கி சார் நீங்க" என்றான். நோயலும் அவன் மெக்கானிக் நாகேஷும் விதிப்படி வெளியே போனார்கள். நான் ஷெட்டைப் பூட்டிக்கொண்டேன்.

முன் சக்கரத்து பிரேக்கை இரண்டு போல்ட் பிடித்திருக்கும். கழற்றினேன். பேடு சரியான பேடு. போல்ட்டையும் பார்த்தேன். புதிது இல்லைதான், ஆனால் மரை சுத்தமாக இருந்தது, இன்னும் இரண்டு சீசனுக்குத் தாங்கும். நோயல் பொருளைப் பார்த்து வாங்குகிறவன். திரும்ப மாட்டினேன். ஸ்பேனரால் இறுக்கவில்லை, விரலால் திருகிவிட்டேன். பந்தய பைக்கில் போல்ட் தலையில் துளை போட்டு மெல்லிய கம்பி கோத்து முறுக்கிவிடுவோம். அதிர்வில் போல்ட் கழலப் பார்த்தால் கம்பி இழுத்துப் பிடிக்கும். அதற்குக் கம்பியை இறுகும் பக்கமாகச் சுற்ற வேண்டும். நான் கழலும் பக்கமாகச் சுற்றினேன். வெளியே இருந்து பார்த்தால் கம்பி கம்பியாகத்தான் இருக்கும். முறுக்கு ஒரே அளவாக, அழகாக வந்திருந்தது. அப்புறம் இரண்டின் மேலும் பொட்டு வைத்தேன். அவசரப்படவில்லை.

உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள், சார். எனக்கு வேண்டாம்.

மறுநாள் காலை பைக்கை வெளியே எடுத்தபோது நாகேஷ் குனிந்து பார்த்தான். அவன் உங்கள் விசாரணையில் சொன்னது உண்மை. "சார், ஒந்து நிமிஷா, கம்பி உல்டாவா சுத்துன மாதிரி இருக்கு" என்று நோயலைக் கூப்பிட்டான். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். நோயல் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கில்பர்ட் பூட்டுனது குரு. நீ அவனுக்குப் பாடம் எடுக்கறியா? கை வெச்சா டிஸ்குவாலிஃபை ஆயிடும், சும்மா இரு" என்றான். வேறு எந்த ஊர் டிராக்காக இருந்தாலும் எந்த மெக்கானிக்கும் கிளம்புவதற்கு முன்னால் பிரேக் போல்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் விடமாட்டான். இங்கே தொடக்கூடாது என்று விதி. நோயலே கேட்டு வாங்கிய விதி. நாகேஷ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்துத் தலையாட்டினேன்.

டீனா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எந்தப் பந்தயத்துக்கு முன்னாலும் என்னிடம் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டுதான் ஏறுவாள். "அங்கிள், இன்னிக்கு கொஞ்சம் அழுத்திப் போடுங்க, ஃபைனல்ஸ்" என்றாள். அழுத்திப் போட்டேன். ஜாக்கிரதையாக ஓட்டு என்றும் சொன்னேன். அதை அவள் கேட்கவில்லை என்பது என் குறை அல்ல.

மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் அவள் பிரேக்கைப் பிடித்தாள். மீதி உங்கள் கோப்பில் போட்டோவோடு இருக்கிறது. விபத்தான வண்டி உடனே தலைமைப் பரிசோதகரின் பொறுப்பில் வர வேண்டும், வந்தது. ஒரு போல்ட் மண்ணில் எங்கோ தெறித்துப் போயிருந்தது. இன்னொன்றில் கம்பி கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வெட்டி எடுத்துக் கழிவு டிரம்மில் போட்டேன், நாகேஷ் சொன்னதற்கு இருந்த சாட்சி அதோடு போயிற்று.

நான் கொலை செய்ய நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பைக் பாதியில் நிற்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். பிரேக் லேசாக ஆடும். நல்ல ஓட்டுநர் என்றால் புரிந்துகொண்டு கையைத் தூக்கி உள்ளே வந்துவிடுவாள். ஸ்பெயின் டிக்கெட் கான்சல் ஆகும். டீனா நல்ல ஓட்டுநர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதை நம்பித்தான் செய்தேன். முதல் சுற்றிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். முதல் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள், விட மனசு வரவில்லை போலிருக்கிறது. அப்படியே அப்பன் குணம். பைக் நிற்பதற்கு ஒரு போல்ட் போதுமே, இரண்டையும் ஏன் தளர்த்தினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன்.

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டியது. நோயல் நாகேஷைப்போல என்மேல் சந்தேகப்பட்டு என் சட்டையைப் பிடித்திருந்தால் நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் பிடிக்கவில்லை. அடக்கத்தன்று கோவிலில், ஃபாதர் பிரசங்கத்தை முடித்ததும் தானாக மைக்கிடம் போனான். "புது போல்ட் வாங்கியிருக்கணும். சங்கத்தோட சண்ட போட்டதுல கையில காசு இல்ல, பழசே போதும்னு விட்டுட்டேன். காசப் பாத்தேன், பிள்ளையப் பாக்கல. என் பொண்ண நான்தான் கொன்னேன்" என்றான். கோவிலே விம்மியது. நாற்பது வருஷமாக நான் பார்த்த அதே காட்சி, சார். நான் செய்த வேலையை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் அவன் நிற்கிறான். ஜனம் அவனுக்காக உருகுகிறது. பேடு விஷயத்தில் அவனைத் திட்டிய சீனிவாசராகவனே போய்க் கட்டிப்பிடித்தார். டோரீன் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கேரல் என் பக்கத்தில் நிற்காமல் அவர்களிடம் ஓடினாள்.

ஆறுதல் சொல்ல நின்ற வரிசை கலைந்ததும் அவன் என்னைத் தேடி வந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உன் பொண்ணையும் சேர்த்துக் கொன்னுட்டேன்டா கில்லி. மன்னிச்சுருடா" என்றான். சுற்றி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்ய முடியும். மன்னித்தேன் என்றேன்.

அன்றிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. தெருவில் இறங்கினால் நோயல் எப்படி இருக்கான், நோயல் சாப்பிட்டானா என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் முன்னாலும் வந்து பழைய போல்ட் கதையையே சொன்னான், நீங்களும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள். நான் பார்த்தேன். அந்த போல்ட்டில் ஒரு குறையும் இல்லை, சார். அவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. கம்பியை அப்படி முறுக்கி, நாகேஷ் மாதிரி அனுபவசாலிக்கே சந்தேகம் மட்டும் வரும்படி பூட்ட இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. நோயலுக்கு அந்தக் கை இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. டீனாவைக் கொன்றது நான். ஞானஸ்நானத்தில் கையில் வாங்கிய நான்தான் கொன்றேன். நாளைக்கு நீங்கள் வாசிக்கும் அறிக்கையில் என் பெயர் மட்டும் இருக்க வேண்டும், அவன் பெயர் ஓரத்தில்கூட வரக்கூடாது. வாசிக்கும்போது அவனை முன் வரிசையில் உட்கார வையுங்கள். எனக்கு அவனுக்கு எதிரே ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள், போலீஸ்காரர் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை. அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும். அவன்மேல் இருக்கும் பழியைத் துடைத்து அவனை விடுவிக்கத்தான் இதெல்லாம். அவன் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறான், நான் அவனுக்குச் செய்யும் ஒரே உதவி இது.

காரணம் என்று ஏதாவது எழுதத்தான் வேண்டியிருக்கும், புரிகிறது. விதியைச் சோதித்துப் பார்த்தேன் என்று எழுதுங்கள், சங்கத்தின்மேல் கோபம் என்று எழுதுங்கள், எதையாவது எழுதுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். கேரலைக் கேட்டால் அதைத்தான் சொல்வாள், அவளைக் கேட்காதீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சார். நான் பொறாமைப்படும்படி நோயலிடம் இனிமேல் என்ன இருக்கிறது?